நர்ஸிடம் யார் துக்கம் விசாரிப்பது?

போன ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அப்பா பரோட்டா பார்சல் வாங்கி வந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் கூடம் முழுக்க சால்னா வாசனை. எல்லாரும் உட்கார்ந்தாச்சு. அக்கா தட்டை எடுத்தாள், பார்சலைப் பார்த்தாள், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். "ஏன்டி, பசிக்கலையா?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை.

நான் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "அவன் பரோட்டா கேட்டான்டா" என்றாள்.

அக்கா ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். குழந்தைகள் புற்றுநோய் வார்டு. பதினோரு வருஷ சர்வீஸ். அவள் சொன்ன 'அவன்', பெட் நம்பர் 7. ஆறு வயசுப் பையன், ரத்தப் புற்றுநோய், எட்டு மாசமாக அந்த வார்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன். கீமோ கொடுத்த பிறகு ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அடியோடு குறையும். அந்த நாட்களில் வெளிச் சாப்பாடு கூடாது, சாதாரணக் கிருமி கூட ஆளையே கொண்டுபோய்விடும். "கவுண்ட் ஏறட்டும், நானே வாங்கித் தர்றேன்" என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். கவுண்ட் ஏறவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் போய்விட்டான். ஏழு மணிக்கு அதே பெட்டில் இன்னொரு குழந்தை. எட்டு மணி பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு வந்தாள், குளித்தாள், தயிர்சாதம் சாப்பிட்டாள், தூங்கினாள். எங்கள் யாருக்கும் எதுவும் தெரியாது.

என் பழக்கம் தெரியும்தானே, ஒரு விஷயம் மனசில் மாட்டிக்கொண்டால் அதைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். இரண்டு மாசமாகத் தேடிப் படித்ததும், நடுநடுவே அக்காவை நச்சரித்துக் கேட்டதும்தான் இந்தப் பதிவு.

முதலில், ஒரு சாவுக்குப் பிறகு வார்டில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். டாக்டர் இ.சி.ஜி. எடுத்து, நேர்கோடு விழுந்த தாளை கேஸ் ஷீட்டில் சேர்ப்பார். இறந்த நேரத்தை எழுதுவார். பெற்றோரிடம் விஷயத்தைச் சொல்வது டாக்டரின் வேலை. சொன்ன பிறகு அங்கேயே நிற்பது நர்ஸின் வேலை. அப்புறம் குழாய்களையும் ஊசிகளையும் எடுக்க வேண்டும். உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையையும் கால் பெருவிரல்களையும் பேண்டேஜால் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, பெயர்ச் சீட்டு கட்டி, துணியில் சுற்ற வேண்டும். நர்ஸிங் படிப்பில் இதற்கு 'லாஸ்ட் ஆபீஸ்' என்று பெயர். படிக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், எந்தக் கட்டு எங்கே என்பது வரைக்கும். பிறகு பில்லிங், ஃபைல், மார்ச்சுவரி ரிஜிஸ்டர். மீந்த மருந்துகளை ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பெட்டை 'கார்பலைஸ்' பண்ண வேண்டும், அதாவது மெத்தை, கட்டில் கம்பி, லாக்கர் எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைப்பது. ஆயாம்மா புது விரிப்பு போட்டுவிட்டால் பெட் ரெடி.

"இதுல அழறது எப்போ?" என்று கேட்டேன்.

"மெடிசின் ரூம்ல. ஸ்டாக் எடுக்கப் போற மாதிரி போவோம். ரெண்டு நிமிஷம். மாஸ்க் இருக்கறது ஒரு வசதி."

நம்ம ஊரில் சாவுக்கு எத்தனை ஏற்பாடு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும். சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். பதினாறாம் நாள் காரியம். அதற்கு நடுவே ஊர் முழுக்க ஒருத்தர் மாற்றி ஒருத்தராகத் துக்கம் விசாரிக்க வருவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "எப்படிம்மா ஆச்சு?" வீட்டுக்காரர்கள் அதே கதையை முதலிலிருந்து சொல்வார்கள். தாத்தா செத்தபோது பாட்டி அந்தக் கதையை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். சின்ன வயசில் எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. ஏன் கேட்டுக் கேட்டு அழ வைக்கிறார்கள் என்று கோபம் வந்தது. இப்போது அதில் ஒரு சூட்சுமம் இருப்பதாகத் தோன்றுகிறது. சொல்லச் சொல்லத்தான் அந்தக் கதையின் முனை மழுங்குகிறது.

எட்டு மாசம் பார்த்துக்கொண்ட நர்ஸிடம் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. அவளும் வீட்டுக்கு வந்து குளிக்கிறாள், அது வேறு குளியல்.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் 'அங்கீகாரம் இல்லாத துக்கம்' என்று சொல்லலாம். இழப்பு உண்மை, வலி உண்மை, ஆனால் துக்கப்பட உனக்கு உரிமை உண்டு என்று ஊர் ஒத்துக்கொள்வதில்லை. கரு கலைந்த பெண், விவாகரத்துக்குப் பிறகு முன்னாள் கணவனை இழந்தவள், வெளியே சொல்ல முடியாத காதலில் இருந்தவர், நாய் செத்துப்போனவர் எல்லாம் இந்த வகை. மருத்துவ ஊழியர்களும் இதில்தான் வருகிறார்கள். 'உங்க வேலையே அதுதானே' என்ற ஒரே வரியில் அவர்கள் உரிமை போய்விடுகிறது. போதாக்குறைக்கு, நோயாளியைப் பற்றிய விவரங்களை வெளியே சொல்லக்கூடாது என்ற தொழில் ஒழுக்கமும் இருக்கிறது. அது அவசியம்தான். ஆனால் அதனால் கதையைச் சொல்லும் வழியும் அடைபட்டுப் போகிறது. எங்கள் வீட்டில் அந்தப் பையனுக்குப் பெயரே இல்லை. பெட் நம்பர் 7 தான்.

இந்த நம்பர் விஷயத்தை அறுபது வருஷத்துக்கு முன்பே ஒருத்தர் கவனித்திருக்கிறார். இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர். லண்டனில் ஒரு பெரிய பொது மருத்துவமனையில் பயிற்சி நர்ஸ்களை எப்படிப் பணிக்கு அனுப்புவது என்ற நிர்வாகச் சிக்கலைத் தீர்க்கக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போய்ப் பார்த்தது வேறு. 1960-இல் வந்த அவருடைய கட்டுரை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த மருத்துவமனையில் நோயாளிகளைப் பெட் நம்பராலோ, கெட்டுப்போன உறுப்பின் பெயராலோ குறிப்பிடும் வழக்கம் இருந்தது. ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள் என்று கொடுக்காமல், வேலையைத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். ஒருத்தி எல்லாருக்கும் டெம்பரேச்சர் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லாருக்கும் படுக்கை மாற்றுவாள். பயிற்சி மாணவிகளை வார்டு வார்டாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். திறமையைக் கூட்ட வந்த விதிகள் மாதிரிதான் வெளியிலிருந்து தெரியும். உண்மையில் இவை ஒரு மனுஷியும் இன்னொரு மனுஷனும் நெருங்கிவிடாமல் தடுக்கும் வேலிகள் என்றார் மென்சீஸ். சாவையும் வலியையும் பக்கத்தில் நின்று பார்க்கும் பயத்தை, தனி ஆள் மட்டுமல்ல, அமைப்பே சேர்ந்து தள்ளி வைக்கிறது.

அதோடு விட்டிருந்தால் சுவாரசியமான கவனிப்பு, அவ்வளவுதான். அவர் அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். வேலிகள் வேலை செய்யவில்லை. பயம் குறையவில்லை, அதன் மேல் இன்னொரு சுமை ஏறியது. யாரையாவது நன்றாகக் கவனித்துக்கொண்டோம் என்ற நிறைவு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ரொம்பப் பெரிய சம்பளம். வேலி அதையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. பயிற்சிக்கு வந்த மாணவிகளில் மூன்றில் ஒரு பங்கு படிப்பை முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "நம்பர் சொன்னா வேலை ஓடும். பேர் சொன்னா கதை வந்துடும்" என்றாள். ஒரு முழுக் கட்டுரையில் மென்சீஸ் சொன்னதை அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

அப்போ, ஒட்டாமல் இருப்பது தப்பா? ஒட்டினால் தாங்க முடியுமா? நான் ரொம்ப நாளாக இதை இரண்டில் ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிரேக்க நாட்டு ஆய்வாளர் தனாய் பப்பதாத்தூ எழுதியவற்றைப் படித்தபோது அந்த எண்ணம் கழன்றது. இறக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்கள், டாக்டர்களிடம் பல வருஷம் பேசி, 2000 வாக்கில் அவர் ஒரு விளக்கம் முன்வைத்தார். இந்த ஊழியர்கள் துக்கத்துக்குள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஊசலாடுகிறார்கள். உள்ளே போனபோது அழுகை, கோபம், நினைவு. வெளியே வந்தபோது வேலை, அரட்டை, கருப்பு நகைச்சுவை, நம்பர். இரண்டும் வேண்டும். வெளியே வர முடியாதவர் அடுத்த ஊசியைப் போட முடியாது. உள்ளே போகவே முடியாதவர் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போவார். ஊசல் எந்தப் பக்கம் நின்றாலும் சிக்கல்தான். தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கியது வெளியே. பரோட்டாவைப் பார்த்து எழுந்து போனது உள்ளே. மூன்று நாள் இடைவெளி.

பப்பதாத்தூ இன்னொன்றும் சொல்கிறார். ஒரு நோயாளி இறந்தால் ஊழியர் இழப்பது ஒரே ஒரு பொருளை இல்லை. நெருக்கமாகிவிட்ட ஓர் ஆள் போகிறார். அந்தக் குடும்பத்தின் வலியைத் தன் வலியாக உணர்கிறார். குணப்படுத்திவிடலாம் என்ற தொழில் கனவு உடைகிறது. குழந்தைகள் சாகக்கூடாது என்ற மாதிரியான, உலகத்தைப் பற்றிய நம்பிக்கை உடைகிறது. தன் வீட்டுப் பழைய சாவுகள் திரும்பி வருகின்றன. தானும் ஒருநாள் இப்படித்தான் என்ற நினைப்பும் எட்டிப் பார்க்கிறது. ஒரே மரணத்தில் டாக்டர் ஒன்றையும், நர்ஸ் ஒன்றையும், ஆயாம்மா இன்னொன்றையும் இழந்திருக்கலாம். அக்காவுக்கு அந்தப் பரோட்டா எந்த வகை என்று யோசித்தேன். கொடுத்த வாக்கு. "வாங்கிக் குடுத்திருக்கலாம்டா. எப்படியும் போகப் போறான்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பேன்" என்று பிறகு ஒருநாள் சொன்னாள். தெரிந்திருக்க வழியே இல்லை, அவள் செய்தது சரிதான். ஆனால் துக்கம் கணக்கு வாத்தியார் மாதிரி விடைத்தாளை மறுபடி மறுபடி திருத்திக்கொண்டே இருக்கிறது.

பாவம், நர்ஸ்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று இத்தோடு முடித்திருப்பேன். லியத் கிரானெக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு என்னை விடவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் மூன்று மருத்துவமனைகளைச் சேர்ந்த 20 புற்றுநோய் மருத்துவர்களிடம் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான், எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக முடியாது. ஆனால் அந்த டாக்டர்கள் தாங்களாகவே ஒத்துக்கொண்டவை கவனிக்க வேண்டியவை. துக்கத்தைக் காட்டினால் பலவீனம் என்று நினைப்பார்கள், அதனால் மறைக்கிறோம் என்றார்கள். மறைத்தது வீட்டில் எரிச்சலாக வெளிவந்தது. அது அவர்கள் சொந்தக் கஷ்டம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது அடுத்தது: மறைத்த துக்கம் அடுத்த நோயாளியின் சிகிச்சையில் போய் உட்கார்ந்தது. போனவரைக் காப்பாற்ற முடியாத வேதனையில், அடுத்தவருக்கு நிறுத்த வேண்டிய கீமோவை நிறுத்தாமல் கூடுதலாகக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சாகப் போகிறார் என்று தெரிந்த நோயாளியின் அறைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

இதைப் படித்தபோது நான் நர்ஸின் தம்பியாகப் படிக்கவில்லை. என்றைக்காவது பெட்டில் படுக்கப் போகிறவனாகத்தான் படித்தேன். "கடைசி நேரத்துல டாக்டர் எட்டியே பாக்கல" என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம். அத்தனைக்கும் காரணம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். சிலதுக்கு இருக்கலாம்.

வெளிநாட்டு ஆய்வுகளில் அதிகம் வராத ஒன்று நம் ஊரில் உண்டு. சாவு நடந்த அடுத்த நிமிஷம் இங்கே வார்டில் துக்கத்துக்கு முன்னால் பயம் வருகிறது. உறவினர்கள் கூடுவார்கள், யாராவது ஒருத்தர் கத்துவார், கண்ணாடி உடையும். மருத்துவ ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. எட்டு மாசம் அந்த அம்மாவுடன் பேசிச் சிரித்த நர்ஸ், சரியாக அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டிய நேரத்தில், செக்யூரிட்டி சொன்னான் என்று டியூட்டி ரூமுக்குள் போய் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அக்காவுக்கு இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது. அந்த வீட்டார் மேல் அவளுக்குக் கோபமில்லை. "சொல்லிட்டு வர முடியல" என்பதுதான் அவளுடைய குறை.

இன்னொன்று, மருத்துவமனையில் மரணத்தைப் பற்றி உட்கார்ந்து பேசுவதற்கென்று கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. அது தணிக்கைக் கூட்டம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மகப்பேறு மரணமும் விசாரிக்கப்படுகிறது, மாவட்ட ஆட்சியர் மட்டம் வரை போகிறது. நான் அதற்கு எதிரி இல்லை. எங்கே தாமதம், ரத்தம் ஏன் கிடைக்கவில்லை, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எத்தனையோ தாய்மார்கள் பிழைக்கும் நிலைமை வந்தது. ஆனால் ஒரு சாவைப் பற்றிப் பேச இருக்கும் ஒரே இடம் தப்பு யாருடையது என்று தேடும் இடமாக இருந்தால், அங்கே யாரும் மனசைத் திறக்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு ரிக்கார்டைத்தான் சரி செய்வார்கள்.

நிஜமாகவே தப்பு நடந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஆல்பர்ட் வூ, 2000-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அவர் பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில், சக பயிற்சி டாக்டர் ஒருவர் இ.சி.ஜி.யில் ஓர் அறிகுறியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். செய்தி பரவியது. நண்பர்களே நீதிபதிகளாக மாறி, திறமை இல்லாதவன் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தவறால் பாதிக்கப்படும் முதல் ஆள் நோயாளி, இரண்டாவது ஆள் தவறு செய்த ஊழியர் என்றார் வூ. 'இரண்டாவது பலியாள்' என்ற சொல் அப்படித்தான் பரவியது. 2019-இல் அதே இதழில், நோயாளிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், அந்தச் சொல்லைக் கைவிடுங்கள், எங்கள் பிள்ளையைப் பறிகொடுத்தது நாங்கள் என்று எழுதினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. சொல்லைப் பற்றிய வாதத்தில் குடும்பத்தார் பக்கம்தான் நிற்பேன். ஆனால் ஊழியரைத் தனியே விட்டுவிட்டால் அவர் அடுத்த தவறை மறைக்கக் கற்றுக்கொள்வார் என்பதும் உண்மை.

சரி, என்னதான் செய்யலாம்? இங்கே ஓர் எச்சரிக்கைக் கதை உண்டு. 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார். பயங்கரமான சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லாரையும் உட்கார வைத்து, என்ன நடந்தது, என்ன நினைத்தாய், எது மோசமான நொடி என்று படிப்படியாகக் கேட்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, உலகம் முழுக்கப் பரவியது. பிறகு இந்த வகை ஒற்றை அமர்வுகளைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் காக்ரேன் குழு பரிசீலித்தது. பின்னால் வரும் மன அதிர்ச்சி நோயை அது தடுக்கவில்லை. நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றில் நிலைமை மோசமானவர்களும் இருந்தார்கள். அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் விபத்திலும் தீயிலும் சிக்கிய தனி ஆட்கள்தான் இருந்தார்கள், வார்டு ஊழியர்கள் இல்லை. அதனால் அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. இருந்தாலும் ஒரு விஷயம் புரிகிறது. துக்கம் விசாரிக்க வந்தவரிடம் பாட்டி தன் வேகத்தில், தன் இஷ்டத்துக்குச் சொன்னார். வேண்டாதபோது முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். யாரும் அவரை இன்றைக்கே சொல், எல்லாவற்றையும் சொல் என்று உட்கார வைக்கவில்லை.

பாட்டி வழிக்குப் பக்கத்தில் வருவது ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் என்ற ஏற்பாடு. கென்னத் ஷ்வார்ட்ஸ் போஸ்டன் நகரத்து வக்கீல். நாற்பது வயசில் நுரையீரல் புற்றுநோய். 1995-இல் இறப்பதற்கு முன் போஸ்டன் குளோப் இதழில் தன் அனுபவத்தை எழுதினார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் சின்னச் சின்ன அன்புதான் அதில் நிறைய. அந்த அன்பைக் காட்டுகிறவர்கள் வறண்டுபோகாமல் இருக்க வேண்டும் என்று அவர் பெயரில் ஓர் அமைப்பு தொடங்கியது. மாசம் ஒரு தடவை மாதிரி, ஒரு மணி நேரம், பெரும்பாலும் சாப்பாட்டோடு. டாக்டர், நர்ஸ், துப்புரவு ஊழியர் எல்லாரும் வரலாம். மூன்று நான்கு பேர் தங்கள் கதையைச் சொல்வார்கள். சிகிச்சை சரியா தப்பா என்ற பேச்சு கிடையாது, தீர்வு சொல்லவும் கூடாது. பிரிட்டனில் இது நிறைய மருத்துவமனைகளில் நடக்கிறது. 2018-இல் வந்த மதிப்பீட்டில், தொடர்ந்து வந்தவர்களிடையே மன நலிவு உள்ளவர்களின் பங்கு 25 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்திருந்தது. வராதவர்களிடையே 37-இலிருந்து 34 தான். ஆரம்பத்திலேயே இரண்டு கூட்டமும் ஒன்றாக இல்லை, வரக்கூடிய நிலையில் இருந்தவர்கள்தான் வந்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மூத்த சர்ஜன் மைக்கைப் பிடித்து, நான் அன்றைக்குக் காரில் உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால், கடைசி வரிசையில் இருக்கும் பயிற்சி நர்ஸுக்கு அது பத்து கவுன்சலிங்குக்குச் சமம் என்பது என் ஊகம்.

இதைவிடச் சின்னது ஒன்று இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவு நர்ஸ் ஜோனதன் பார்ட்டல்ஸ் ஆரம்பித்தது. உயிரைக் காப்பாற்றும் முயற்சி தோற்றதும் எல்லாரும் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போவதுதான் வழக்கம். ஒரு தடவை ஒரு மதகுரு அந்த இடத்தில் எல்லாரையும் நிறுத்திப் பிரார்த்தனை செய்ததைப் பார்த்திருக்கிறார் பார்ட்டல்ஸ். அதை மதம் இல்லாததாக மாற்றினார். இந்த மனிதர் யாருக்கோ மகன், யாருக்கோ நண்பர், நாமும் நம்மால் ஆனதைச் செய்தோம் என்ற மாதிரி இரண்டு வார்த்தை. பிறகு நாற்பத்தைந்து நொடியோ ஒரு நிமிஷமோ மௌனம். அவ்வளவுதான். பெயரும் எளிமை: 'தி பாஸ்', அதாவது ஒரு நிறுத்தம். இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள்.

சாவை அதிகம் பார்ப்பவர்கள்தான் அதிகம் உடைவார்கள் என்று நினைப்போம். நோய்த்தணிப்பு மையங்களில், அதாவது குணமாகாது என்று தெரிந்தே சேர்க்கும் ஹாஸ்பிஸ்களில் தினமும் சாவுதான். ஆனால் கனடாவின் மேரி வேச்சன் 1995-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, அங்கே வேலை செய்பவர்களின் மனச்சுமை மற்ற பிரிவுகளைவிட அதிகமில்லை, பல இடங்களில் குறைவு. ஊழியர்களுக்கான ஆதரவை அந்த இயக்கம் ஆரம்பத்திலேயே யோசித்துச் சேர்த்துவிட்டது என்பது ஒரு காரணம். எனக்குத் தோன்றும் இன்னொன்று: அங்கே சாவு தோல்வி இல்லை. வலி இல்லாமல் போனார் என்றால் வேலை நன்றாக நடந்தது என்று அர்த்தம். துக்கம் இருக்கும், குற்ற உணர்ச்சி அவ்வளவு இருக்காது.

அக்காவின் மருத்துவமனை சும்மா இல்லை, போன வருஷம் 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' வகுப்பு நடத்தினார்கள். நைட் டியூட்டி முடிந்து வந்தவர்களைப் பத்து மணி வரை உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி. சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சியில் தப்பில்லை. ஆனால் ராத்திரி முழுக்க ஒருத்தி இருபது குழந்தைகளைப் பார்க்கிற ஏற்பாட்டில் கை வைக்காமல், உன் மனசை நீயே கெட்டிப்படுத்திக்கொள் என்று சொன்னால், மென்சீஸ் பார்த்த அதே வேலிக்கு மேல் ஒரு பூத்தொட்டி வைத்த மாதிரிதான்.

அவர்கள் வார்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒன்று நடக்கிறது. ஆயாம்மா பெட்டைத் துடைத்து முடித்ததும் உடனே விரிப்பு போட மாட்டாராம். பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று சொல்லிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாராம். ரெக்ஸின் மெத்தை காய அவ்வளவு நேரம் ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். இன்சார்ஜ் சிஸ்டர் உட்பட யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை.

போன வாரம் இந்தப் பதிவை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், கொண்டை போட்டபடியே கேட்டாள். பார்ட்டல்ஸ் கதை வந்ததும் சிரித்துவிட்டாள். "ஒரு நிமிஷமா? அதுக்குள்ள நாலு பெட்ல பம்ப் அலாரம் அடிக்கும்."

"சரி, உனக்கு என்ன வேணும்? அதையாவது சொல்லு."

ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள். "ஒரு குழந்தை போயிடுச்சுன்னா, அந்த பெட்டுக்கு வர்ற அடுத்த அட்மிஷன என்கிட்ட குடுக்கக்கூடாது. அந்த ஷிஃப்ட் மட்டும். வேற சிஸ்டர் எடுக்கட்டும். அவங்களுக்கு ஆனா நான் எடுத்துக்கறேன். அந்த அம்மா முகத்துல என்ன இருக்குன்னு அன்னிக்கு எனக்குத் தெரியவே இல்லடா. புதுசா வந்த குழந்தை, ஊசி போடறேன், பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன்."

"இன்சார்ஜ்கிட்ட கேட்டியா?"

"கேக்கணும்." பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். வாசல் வரை போய்த் திரும்பி, "எழுதறது எழுது. அவன் பேரப் போட்டுடாத" என்றாள்.

எனக்கு இன்னும் அவன் பெயர் தெரியாது.